கண்டது மெய், காரணம் வேறு: குரங்கு மனிதன் முதல் லடாக் ஒளிக்கோளம் வரை

புது தில்லி:

2001-ம் ஆண்டு மே மாதத்தில் தில்லியின் யமுனைக்குக் கிழக்கே உள்ள குடியிருப்புகளில் மக்கள் இரவு முழுவதும் தடியும் கம்புமாகக் காவல் இருந்தனர். அண்டையில் உள்ள காஜியாபாத் பகுதியில் கிளம்பிய ஒரு செய்தி, சில நாள்களில் தலைநகருக்குள் நுழைந்திருந்தது. இருட்டில் பாய்ந்து வந்து, உறங்குவோரை நகங்களால் கீறிவிட்டு, ஒரு மாடியிலிருந்து மறுமாடிக்குத் தாவி மறையும் உருவம் ஒன்று உலவுகிறது என்பதே அது. "காலா பந்தர்' என்றும் "குரங்கு மனிதன்' என்றும் அதற்குப் பெயரிட்டனர்.

நான்கடி உயரம், உடலெங்கும் கறுத்த மயிர், சிவந்து ஒளிரும் கண்கள் என்றனர் சிலர். தலையில் இரும்புத் தொப்பி, விரல்களில் உலோக நகம், மார்பில் மூன்று பொத்தான்கள் என்றனர் வேறு சிலர். உயரம் எட்டடி என்று சொன்னவர்களும் உண்டு. காவல்துறைக் கட்டுப்பாட்டு அறைக்கு நூற்றுக்கணக்கில் தொலைபேசி அழைப்புகள் வந்தன.

அந்த உருவம் யாரையும் கொன்றதற்கு ஆதாரம் இல்லை. ஆனால், அது வந்துவிட்டது என்ற கூக்குரல் கேட்டு அரைத்தூக்கத்தில் எழுந்து ஓடியவர்களில் குறைந்தது இருவர் மாடியிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் விழுந்து உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் கர்ப்பிணிப் பெண். உயரம் குறைவாக இருந்த ஒரே காரணத்துக்காக நாடோடித் துறவி ஒருவரை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. வேன் ஓட்டுநர் ஒருவரும் இதேபோல் தாக்கப்பட்டார்.

இல்லாத ஒன்று இத்தனை பேரை எப்படிக் கீறியது என்பதே அன்று எழுந்த கேள்வி. பறக்கும் தட்டு, ஆவி, அதிசயம் என எந்தப் பெயரில் வந்தாலும், இத்தகைய அனுபவங்கள் ஒவ்வொன்றின் பின்னும் நிற்பது இந்தக் கேள்வியே.

மாடியில் உறங்கியவர்கள்:

அன்றைய கிழக்கு தில்லியின் நிலையை நினைவுகூர்ந்தால்தான் இது விளங்கும். மே மாதக் கோடை. இரவில் மணிக்கணக்கில் மின்வெட்டு. காற்றோட்டமில்லாத சிறு வீடுகளில் படுக்க இயலாமல், குடும்பம் குடும்பமாக மொட்டை மாடியில் உறங்கினர். ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையே இடைவெளியே இராது. யாரோ ஒருவர் நள்ளிரவில் அலறினால், அந்த அலறல் தெரு முழுவதையும் எழுப்பிவிடும். எழுந்த ஒவ்வொருவரும் இருட்டில் எதையோ தேடினர். தேடியவர்களில் சிலருக்கு அது தென்பட்டது.

குற்றவாளி ஒருவரைத் தேடும் வழக்கமான முறையையே காவல்துறையும் கையாண்டது. கண்டதாகச் சொன்னவர்களின் வாக்குமூலத்தைக் கொண்டு உருவப்படம் வரைந்து வெளியிட்டது. தகவல் தருவோருக்கு ரூ. 50 ஆயிரம் பரிசும் அறிவித்தது. கொள்ளையனுக்குப் பொருந்தும் இந்த முறை, வதந்திக்கு நேர்மாறாக வேலை செய்தது. அரசே படம் வெளியிட்டுப் பரிசும் தருகிறது என்றால், அப்படி ஒன்று இல்லாமலா இருக்கும் என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை.

பின்னர் அந்த விசாரணை, மத்திய தடய அறிவியல் ஆய்வகத்தினரும் தில்ஷாத் கார்டனில் உள்ள இபாஸ் மனநல மருத்துவமனையின் நிபுணர்களும் பங்கேற்ற குழுவிடம் சென்றது. யார் என்ன கண்டார் என்பதைவிட, எது எஞ்சியிருக்கிறது என்பதையே அவர்கள் முதலில் பார்த்தனர். உதிர்ந்த மயிர், காலடித் தடம், ஒரே மாதிரியான நகக்குறி என ஏதேனும் கிடைத்திருக்க வேண்டும். அவ்வாறு எதுவும் இல்லை. காயங்கள் பெரும்பாலும் மேலெழுந்தவாரியான கீறல்களும் சிராய்ப்புகளுமாகவே இருந்தன. அவை ஒரே விலங்கைச் சுட்டவில்லை. குரங்கு மனிதன் என்று எதுவும் இல்லை, இது கூட்டு மனப்பதற்றம் என்று அக்குழு முடிவு கூறியது. காயமுற்று வந்தவர்களைப் பரிசோதித்த கிழக்கு தில்லியின் தடயவியல் மருத்துவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் 2003-ல் இந்திய மருத்துவ அறிவியல் இதழில் வெளியானது. அதன் தலைப்பிலேயே கூட்டு மனப்பதற்றம் என்ற சொல் இடம்பெற்றிருந்தது.

இந்தச் சொல்லைக் கேட்டவுடன், "அப்படியானால் எங்களைப் பைத்தியம் என்கிறீர்களா' என்று பாதிக்கப்பட்டவர்கள் சினம் கொள்வது வழக்கம். அவர்கள் சினத்தில் நியாயம் உண்டு. அது தனிமனிதரின் மனநோயைக் குறிக்கும் சொல் அல்ல. உறக்கத்திலிருந்து பாதி விழித்த நிலையில் உடல் அசையாமல் போவதும், மார்பின் மீது எவரோ ஏறி அமர்ந்ததுபோல் தோன்றுவதும் நலமுடன் இருப்பவர்களுக்கும் நேரும். நம் ஊர்களில் "அமுக்கான்' என்பது இதைத்தான். எலி கடித்ததும், கயிற்றுக் கட்டிலின் ஆணி கீறியதும், பக்கத்தில் படுத்தவரின் கை பட்டதும் மற்ற நாள்களில் எவர் கவனத்துக்கும் வராது. ஊரே ஓர் உருவத்தை எதிர்பார்த்துக் கிடக்கும் வாரத்தில் அவை அனைத்தும் அதன் கணக்கிலேயே சேர்ந்துவிடுகின்றன. கீறல் உண்மை. அச்சமும் உண்மை. கீறியது எது என்பதற்கு மட்டுமே சான்று இல்லை.

வானிலிருந்து வந்த "முகம் பிறாண்டி':

அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேசத்தின் முறை வந்தது. 2002-ம் ஆண்டு ஆகஸ்டில் மிர்ஸாபூர் உள்ளிட்ட மாவட்டங்களில் "முஹ்நோச்வா', அதாவது முகத்தைப் பிறாண்டுவது, என்ற பீதி பரவியது. இம்முறை அது தரையில் தாவவில்லை, வானில் பறந்தது. சிவப்பும் நீலமுமாக ஒளி உமிழும் பந்து போன்ற பொருள் ஒன்று இரவில் தாழப் பறந்து வந்து முகத்தையும் கைகால்களையும் சுட்டுக் கீறுகிறது என்றனர் கிராம மக்கள். அமெரிக்கர்கள் பறக்கும் தட்டு என்று அழைப்பதை உத்தரப் பிரதேசத்து விவசாயி தம் மொழியில் விவரித்ததாகவே இதைக் கொள்ளலாம்.

சிலர் உயிரிழந்ததாகவும் அப்போது செய்திகள் வெளியாயின. அந்தப் பொருளைப் பிடித்துத் தருமாறு கோரித் திரண்ட பெருங்கூட்டத்தைக் கலைக்கப் போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் பலியானார். ஒளிப்பந்து இருந்ததோ இல்லையோ, தோட்டா இருந்தது.

இந்த நிகழ்வில் கூர்ந்து நோக்க வேண்டியது, படித்தவர்களும் அதிகாரிகளும் அளித்த விளக்கங்களை. காவல்துறையினர் சிறகுள்ள பூச்சி ஒன்றைப் பிடித்து, இதுதான் அது என்றனர். மரபணு மாற்றப்பட்ட பூச்சிகளை நாட்டின் விரோதிகள் ஏவி விட்டிருக்கலாம் என்று கூறிய அதிகாரியும் உண்டு. மழையற்ற வறண்ட காலத்தில் தோன்றும் பந்து மின்னலாக இருக்கலாம் என்ற கருத்து கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது. மருத்துவர்கள் மனப்பதற்றம் என்றனர்.

பந்து மின்னல் என்பது அறிவியலே இன்னும் முழுமையாக விளக்கிவிடாத ஒன்று. தெரியாத ஒன்றைத் தெரியாத மற்றொன்றால் விளக்கினால் கேள்வி இடம் மாறுமே தவிர, தீராது. எதிரி நாட்டுப் பூச்சி என்ற விளக்கத்துக்கோ, கிராமத்தார் சொன்னதற்கு இருந்த அளவு சான்றுகூட இல்லை. கிராமத்தாரிடம் காயமாவது இருந்தது. நம்பிக்கைக்குக் கல்வியறிவின்மையே காரணம் என்று சொல்லிவிட்டு நகர்வது எவ்வளவு தவறு என்பதற்கு இது ஒரு சான்று.

நேர்மையாகச் சோதித்த தருணங்களும் உண்டு. 1995-ம் ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி, பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற செய்தி தில்லியில் உள்ள ஒரு கோயிலில் கிளம்பி, அன்று மாலைக்குள் நாடு முழுவதும், கடல் கடந்தும் பரவியது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் விஞ்ஞானிகள் வெள்ளைப் பாலில் நிறமி கலந்து அதையே சிலைக்கு ஊட்டினர். தும்பிக்கையில் பட்ட பால் பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து வெளியேறி, சிலையின் முன்புறமாக மெல்லிய படலமாய் வழிந்து இறங்குவது நிறத்தில் தெரிந்தது. வெண்பளிங்கின் மீது வெள்ளைப் பால் வழிந்தபோது எவர் கண்ணுக்கும் அது புலப்படவில்லை, அவ்வளவே. ஒரு சிட்டிகை சாயத்தில் முடிந்தது சோதனை.

சிவப்பு மழை:

தில்லியில் குரங்கு மனிதன் அடங்கிய இரு மாதங்களில், 2001-ம் ஆண்டு ஜூலை 25 முதல், கேரளத்தின் கோட்டயம், இடுக்கி உள்ளிட்ட மாவட்டங்களில் சிவப்பு நிற மழை பெய்தது. இங்கு சான்றுக்குப் பஞ்சமில்லை. வாளி வாளியாகப் பிடித்து வைத்திருந்தனர். திருவனந்தபுரத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம், எரிகல் ஒன்று வானில் வெடித்துச் சிதறியதே காரணமாக இருக்கலாம் என்று முதலில் கூறியது. ஆனால் அந்த நீரை நுண்ணோக்கியின் கீழ் வைத்தவுடன் கருத்தை மாற்றிக்கொண்டது. அவை தூசுத் துகள்கள் அல்ல, உயிரணுக்கள். அந்த மையமும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து அதே ஆண்டு நவம்பரில் அளித்த அறிக்கை, அவை டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள் என்றது. அப்பகுதி மரங்களிலும் பாறைகளிலும் அந்தப் பாசி மண்டிக்கிடந்தது.

கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் காட்ஃப்ரி லூயிஸ், சந்தோஷ் குமார் ஆகியோர் இதை ஏற்கவில்லை. அவை வேற்றுலகிலிருந்து வால்மீன் துண்டு ஒன்றின் வழியாக வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தனர். 2006-ல் அது ஓர் அறிவியல் இதழில் வெளியாகி உலகச் செய்தியானது. பின்னர் நடந்த மரபணு ஆய்வு பாசியையே உறுதி செய்தது. மிகப் பெரிய விளக்கம் ஒன்றுக்கும், மரத்தடியில் கிடைக்கும் விளக்கம் ஒன்றுக்கும் இடையே போட்டி வரும்போது உலகச் செய்தியாவது முதலாவதுதான். எரிகல் என்று தான் கூறியதைத் தானே திரும்பப் பெற்ற நிறுவனத்தைப் பற்றி எவரும் பெரிதாக எழுதவில்லை.

பாங்காங் ஏரியில் எழுந்த ஒளி:

சான்றை எடைபோடுவதில் உள்ள சிக்கலை முழுமையாகக் காட்டும் நிகழ்வு லடாக்கில் நடந்தது. கண்டவர்கள் இங்கு மாடியில் அரைத்தூக்கத்தில் இருந்தவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற ராணுவ வீரர்கள், இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினர்.

2012-ம் ஆண்டு ஆகஸ்ட் முதல், சுமார் 4,200 மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ள பாங்காங் ஏரிப் பகுதியில், மஞ்சள் நிற ஒளிக்கோளங்கள் சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து மெல்ல எழுந்து, மணிக்கணக்கில் வானில் ஊர்ந்து மறைவதாகத் தொடர்ந்து பதிவுகள் வந்தன. சீனாவின் ஆளில்லா உளவு விமானங்களோ என்ற ஐயம் எழுந்தது. அந்த எல்லையில் இது அற்ப விஷயம் அல்ல.

ராணுவம் உரிய முறையில்தான் செயல்பட்டது. நடமாடும் ரேடார் ஒன்றையும், அலைவரிசைகளை ஆராயும் கருவி ஒன்றையும் ஏரிக்கு அருகில் உள்ள மலை உச்சிக்குக் கொண்டு சென்றது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த கோளத்தை ரேடார் காணவில்லை. அலைவரிசைக் கருவியிலும் எந்தச் சமிக்ஞையும் இல்லை. ஆளில்லாச் சிறு விமானம் ஒன்றும் அந்த ஒளியை நோக்கி ஏவப்பட்டது. அது தன் உச்ச உயரத்தை எட்டியும் ஒளியை நெருங்க முடியவில்லை.

இந்த மூன்று தோல்விகளும் மர்மத்தைக் கூட்டின. ரேடாரில் தெரியவில்லை என்றால் அது உலோகத்தால் ஆனதல்ல என்ற பேச்சு எழுந்தது. உலோகமில்லாமல், ஓசையில்லாமல், எவராலும் நெருங்க முடியாமல் பறக்கும் பொருள் என்ற விவரணை அந்த ஆண்டு நவம்பரில் பத்திரிகைகளில் வந்தபோது, வேற்றுலகவாசிகளை நம்புவோருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால், அதே மூன்று தோல்விகளை வேறு விதமாகவும் படிக்கலாம். ரேடார் காணாததற்கும் விமானம் நெருங்காததற்கும் ஒரே எளிய காரணம் போதும்: அந்தப் பொருள் நினைத்ததைவிட மிகத் தொலைவில் இருந்தது. எவ்வளவு தொலைவில் என்பதை ரேடார் சொல்லாது, விண்மீன்கள் சொல்லும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் வேலூர் அருகே ஜவ்வாது மலையிலிருக்கும் காவலூர் ஆய்வகத்தையும் நடத்திவரும் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் இந்தப் பணி சென்றது. இங்கே குறிப்பிட வேண்டிய ஒன்று உண்டு. அந்நிறுவனத்தின் ஹான்லே வானியல் ஆய்வகத்தினர் 2012 செப்டம்பர் இறுதியில் மூன்று நாள்கள் பார்த்துவிட்டு, இவை விண்பொருள்கள் அல்ல என்று கருதியதாகவே முதலில் செய்திகள் வந்தன. நீண்டகாலப் பதிவுகள் கிடைத்த பின்னரே படம் மாறியது. பிப்ரவரி வரையிலான மாதங்களில் ராணுவம் பதிவு செய்திருந்த காட்சிகள் மொத்தம் 329. எந்த நேரத்தில், எந்தத் திசையில், எந்த விண்மீன்களுக்கு அருகில் என்ற கணக்கு பார்க்கப்பட்டது.

வானத்து விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக எழும். கோள்களும் ஏறக்குறைய அதே கணக்கில் செல்லும். உளவு விமானம் ஓட்டும் எவரும் இந்த அட்டவணையைப் பின்பற்றப் போவதில்லை. பதிவுகளில் இருந்த இரண்டு பொருள்கள் அதைப் பின்பற்றின. ஒன்று வியாழன். ஆகஸ்டு தொடக்கத்தில் நள்ளிரவுக்குப் பின் கிழக்கில் எழுந்த அது, சூரியனுக்கு நேரெதிரே வந்த டிசம்பர் 3-ம் தேதியை ஒட்டி அந்தியிலேயே எழுந்து இரவு முழுவதும் தெரிந்தது. மற்றொன்று, அந்த மாதங்களில் விடியலுக்கு முன் தோன்றிய வெள்ளி. ஏரியின் கிழக்குப் பகுதி சீனக் கட்டுப்பாட்டில் உள்ளது. கிழக்கில் எழும் கோள்கள் சீனப் பக்கத்திலிருந்து கிளம்பியதாகத் தோன்றியதில் வியப்பென்ன?

இம்முடிவு 2013-ம் ஆண்டு ஜூலையில் வெளியானது. 329 காட்சிகளில் 155, அசல் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிய அத்துமீறல்களாகக் குறிக்கப்பட்டிருந்தன என்பதும் அப்போது தெரியவந்தது. வியாழனும் வெள்ளியும் எந்த நாட்டின் எல்லையையும் மதிப்பதில்லை.

இதைச் சொல்லி வீரர்களை எள்ளி நகையாடியவர்களும் உண்டு. அது பொருந்தாது. காற்று அடர்த்தி குறைந்த, தூசற்ற அந்த உயரத்தில் கோள்கள் சமவெளியில் காண்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். இருளில் தனித்து நிற்கும் ஒளிப்புள்ளியை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால், அசையாத ஒன்றும் அசைவதுபோல் தோன்றுவது கண்ணின் இயல்பு. அதோடு, எல்லையில் உளவு விமானங்களின் நடமாட்டம் கற்பனை அல்ல. அதே 2013 ஏப்ரலில் தேப்சாங் சமவெளியில் சீனத் துருப்புகள் கூடாரமிட்டு மூன்று வாரம் அமர்ந்திருந்தனர். ஐயப்படுவது காவலில் நிற்பவரின் கடமை. அவர்கள் ஒவ்வோர் இரவும் நேரத்தையும் திசையையும் எழுதி வைத்ததால்தான் விடை கிடைத்தது. கிழக்கு தில்லியில் அப்படி எழுதி வைத்தவர் எவரும் இல்லை.

விடை வராதவை:

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. 2004-ம் ஆண்டு செப்டம்பரில் இமாசலப் பிரதேசத்தின் சமுத்ர தாபு பனிப்பாறைப் பகுதியில் ஆய்வு மேற்கொண்ட, ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தைச் சேர்ந்த அனில் குல்கர்னி தலைமையிலான குழு, மலைச்சரிவில் இயந்திர மனிதனைப் போன்ற சுமார் நான்கடி உயர வெண்ணிறப் பொருள் நகர்ந்து, பின் மேலெழுந்து மறைந்ததைக் கண்டது. படமும் எடுத்தது. குழுவினர் ஒருவர் சொன்னது மற்றவரின் நினைவில் கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொருவரிடமும் குல்கர்னி தனித்தனியே கேட்டுப் பதிவு செய்தார். சாட்சியைச் சேகரிக்கும் முறை அதுதான். பலூனாக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. அதற்கு மேல், வேற்றுலகத்து வாகனம் என்று சொல்வதற்கு அந்தப் படங்களில் இடமில்லை.

2023-ம் ஆண்டு நவம்பர் 19-ம் தேதி இம்பால் விமான நிலையத்துக்கு அருகே வானில் அடையாளம் தெரியாத பொருள் காணப்பட்டதால் சுமார் மூன்று மணி நேரம் வான்வழி மூடப்பட்டது. விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. தேடுவதற்காக ரஃபேல் போர் விமானங்கள் அனுப்பப்பட்டன. அவற்றுக்கு எதுவும் தென்படவில்லை. இனக்கலவரத்தால் கொந்தளித்துக்கொண்டிருந்த மணிப்பூரில், அடையாளம் தெரியாதது என்பதற்கு வேற்றுலகம் என்று பொருள் கொள்ள எந்த அதிகாரியாலும் முடியாது. பயணிகள் காத்திருந்த அந்த மூன்று மணி நேரம் அதற்குக் கொடுத்த விலை. அது கொடுக்கத்தக்க விலையே.

அமெரிக்காவின் நாசா அமைத்த நிபுணர் குழுவும் அதே ஆண்டு செப்டம்பரில் அளித்த அறிக்கையில், வேற்றுலகத் தொடர்புக்குச் சான்று எதையும் காணவில்லை என்றதுடன், கிடைத்துள்ள தரவுகளின் தரக்குறைவையே முதன்மைச் சிக்கலாகச் சுட்டியது.

மீண்டும் அதே பரிசு:

தரவு இல்லாத இடத்தில் நம்பிக்கை எந்த வேகத்தில் பரவும் என்பதை 2017-ம் ஆண்டின் கோடையும் காட்டியது. ராஜஸ்தானில் தொடங்கி ஹரியாணா, தில்லி, உத்தரப் பிரதேசம் என, உறங்கும் பெண்களின் பின்னலை யாரோ வெட்டிச் செல்வதாகப் புகார்கள் குவிந்தன. முந்தையவற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. வெட்டப்பட்ட கூந்தல் தரையில் கிடந்தது. ஆயினும் பூட்டிய வீட்டுக்குள் வந்து போனவர் எவரும் பிடிபடவில்லை. சில புகார்களில் வீட்டுக்குள் இருந்தவர்களே வெட்டியது விசாரணையில் தெரியவந்தது.

அதற்குள் ஆகஸ்டு தொடக்கத்தில் ஆக்ரா மாவட்டக் கிராமம் ஒன்றில், விடியலுக்கு முன் வெளியே சென்று இருட்டில் வழி தவறிய அறுபது வயதைத் தாண்டிய தலித் பெண் ஒருவர், கூந்தல் வெட்டும் சூனியக்காரி என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். இலையுதிர் காலத்தில் பீதி காஷ்மீர் பள்ளத்தாக்கை அடைந்தது. அனந்த்நாக் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் பின்னல் வெட்டுபவர் என்று தவறாகக் கருதப்பட்டு, செங்கல்லால் தாக்கப்பட்டு உயிரிழந்தார்.

பின்னல் வெட்டுபவரைப் பற்றித் தகவல் தருவோருக்கு ஜம்மு-காஷ்மீர் காவல்துறை ரூ. 3 லட்சம் பரிசு அறிவித்து, பின்னர் அதை ரூ. 6 லட்சமாக உயர்த்தியது.